வேர் பிடிக்கும்வரை சால்வியா குச்சிக்குள் என்ன நடக்கிறது?

சால்வியாவின் இளங்கிளை ஒன்றை வெட்டி ஈர மணலில் செருகினால், இரண்டு மூன்று வாரத்தில் அதன் அடியில் வெள்ளை வேர்கள் எட்டிப் பார்க்கும். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் வெட்டிய நேரத்தில் அந்தக் கிளையில் வேர் என்று ஒன்றுமே இல்லை. தண்டாகவே இருந்த செல்கள் எப்படி வேராக மாறின? இதற்கான பதில் தெரிந்தால், ஒரு கட்டிங் ஏன் பிடிக்கிறது, இன்னொன்று ஏன் அழுகிப்போகிறது என்பதும் விளங்கிவிடும்.

சால்வியா என்பது ஒரே செடி கிடையாது. துளசியும் புதினாவும் இருக்கும் லேமியேசி குடும்பத்தில், சுமார் ஆயிரம் இனங்கள் கொண்ட பெரிய பேரினம் அது. தண்டைத் தொட்டால் நான்கு பட்டையாக இருக்கும்; இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். தீச்சிவப்பில் பூக்கும் சால்வியா ஸ்ப்ளெண்டென்ஸ் பிரேசில் நாட்டுச் செடி. நீலக் கதிர்களாகப் பூக்கும் ஃபரினேசியா டெக்சாஸ், மெக்சிகோ பகுதியைச் சேர்ந்தது. ஊதா வெல்வெட் போன்ற பூக்கள் கொண்ட லியூகாந்தாவுக்கும் மெக்சிகோதான் பூர்வீகம். இவற்றில் பெரும்பாலானவை குச்சியிலிருந்து சுலபமாக வேர் விடுபவை.

வேர் வரவைக்கும் முக்கியப் பொருள் ஆக்சின் என்னும் ஹார்மோன். கிளை நுனியிலும் இளம் இலைகளிலும் உற்பத்தியாகி, செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறி அது கீழே இறங்குகிறது. மணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வேகம். செடி முழுசாக இருக்கும்போது இந்த ஆக்சின் வேர்ப்பகுதிவரை போய்ச் சேரும். கிளையை வெட்டியதும் போகும் வழி அடைபடுகிறது. வெட்டுவாயில் ஆக்சின் தேங்குகிறது. அதே நேரத்தில் வேர் நுனிகளிலிருந்து மேலேறி வந்துகொண்டிருந்த சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனின் வரத்து நின்றுவிடுகிறது. சைட்டோகைனின் தளிர் விடத் தூண்டுவது, வேர் உருவாவதைத் தடுப்பது. ஆக, அடிப்பகுதியில் ஒன்று கூடி இன்னொன்று குறைகிறது. காயம்பட்டதால் சில மணி நேரத்துக்குள் எழும் ஜாஸ்மோனேட் போன்ற வேதிச் சமிக்ஞைகளும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

இந்த மாற்றத்தை முதலில் உணர்பவை, தண்டின் நீர்க்குழாய்களை ஒட்டியிருந்து தண்டைப் பருக்கவைக்கும் கேம்பியம் செல்களும் அவற்றின் அக்கம்பக்கத்துச் செல்களும். அவை தாங்கள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. சில நாளில் சிறு செல்கூட்டம் ஒன்று உருவாகி, அதற்கு நுனி அமைந்து, தண்டின் குழாய்களோடு இணைப்பும் ஏற்பட்டு, பிறகுதான் பட்டையைப் பிளந்துகொண்டு வேர் வெளியே வருகிறது. வெட்டுவாயில் வெளிறிய புடைப்பு தெரிந்தால் வேர் வந்துவிட்டது என்று நினைத்து குச்சியைப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அது கேலஸ், காயத்தை மூடும் திசு. வேர் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே, பக்கவாட்டில் கிளம்பும். தயவுசெய்து பிடுங்க வேண்டாம்.

ஆக்சினுக்குத் திசை உணர்வு உண்டு. குச்சியைத் தலைகீழாக நட்டாலும் அது பழைய அடிப்பகுதியை நோக்கியே போகும். அதனால் எது மேல், எது கீழ் என்று அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. அடியை நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டினால் குழப்பம் வராது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃப்ரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் முளைகளை வைத்து இப்படியொரு வளர்ச்சிப் பொருள் இருப்பதைக் காட்டிய ஆய்வு 1928-இல் வெளிவந்தது. 1935-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்ப்சன் ஆய்வு நிறுவனத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும், ஆக்சின் வகையைச் சேர்ந்த இண்டோல் பியூட்ரிக் அமிலம் வேர் பிடிக்க வைப்பதில் வலிமையானது என்று கண்டார்கள். இன்று கடைகளில் விற்கும் வேர்த்தூண்டி பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது அதுதான். சால்வியாவுக்கு அது கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். இளந்தண்டு தானே போதுமான ஆக்சினை அனுப்பிவிடும். பவுடர் பயன்படுத்தினால் மென்தண்டுக்கு உரிய வீரியம் குறைந்த வகையை லேசாகத் தொட்டு, மிச்சத்தைத் தட்டி உதறிவிடுங்கள். அளவு மிஞ்சினால் திசுவே கருகும்.

சரி, ஹார்மோன் தன் வேலையைச் செய்யும். நம் வேலை, அதுவரை குச்சியை உயிரோடு வைத்திருப்பது. இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். உறிஞ்சித் தர வேரில்லை. இலைகளை எல்லாம் உருவிவிட்டால் உணவும் ஆக்சினும் நின்றுபோகும். அதனால் ஒரு சமரசம்: கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேலே ஒன்றிரண்டு ஜோடி மட்டும் விட வேண்டும். பெரிய இலையாக இருந்தால் பாதியாக நறுக்கலாம். செடி நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும் அதிகாலையில் வெட்டி, நட்டதும் மேலே பாலித்தீன் பையைக் கவிழ்த்து, வெளிச்சமான நிழலில் வையுங்கள். நேர்வெயில் பட்டால் பைக்குள் இலை வெந்துவிடும்.

எந்தக் கிளையை எடுப்பது? பூ இல்லாத, மூன்று நான்கு அங்குல நுனிக்கிளை. பூக்கதிர் இருந்தால் சேமித்த சர்க்கரை அங்கே போய்விடும். வேறு கிளை கிடைக்காவிட்டால் கதிரைக் கிள்ளிவிடுங்கள். முற்றிய தண்டில் மரத்தன்மை ஏறியிருக்கும், செல்கள் பழைய வேலையை விட்டு மாறத் தயங்கும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுவதற்கும் காரணம் உண்டு. சில சால்வியாக்களில் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு உள்ளே பொள்ளலாக இருக்கும். அங்கே வெட்டினால் நீர் தேங்கி அழுகல் தொடங்கும். கணு கெட்டியானது, வேரும் அதையொட்டி நன்றாக வரும்.

உண்மையில், காய்வதால் சாகும் குச்சிகளைவிட அழுகிச் சாகும் குச்சிகள் குறைவில்லை. வேர் உருவாக ஆக்சிஜன் வேண்டும். சொதசொதப்பான மண்ணில் அது இருக்காது. கோகோபீட்டுடன் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டோ (பொரிந்த எரிமலைக் கண்ணாடித் துகள்) ஆற்றுமணலோ சரிபாதி கலந்தால் போதும். உரம் வேண்டாம், உறிஞ்ச வேரே இல்லையே. லியூகாந்தா போன்ற ரோம இலைச் செடிகளுக்கு அடிக்கடி நீர் தெளிக்காதீர்கள். ரோமத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். வெறும் தண்ணீர் டம்ளரிலும் பல சால்வியா வேர் விடும். ஆனால் அந்த வேர்கள் எளிதில் முறியும், மண்ணுக்கு மாற்றும்போது தடுமாறும். எனக்கு மணல் கலவைமேல்தான் நம்பிக்கை.

விதையும் ஒரு வழி. காய்ந்த புல்லிவட்டத்துக்குள் அதிகபட்சம் நான்கு விதைகள் இருக்கும். பல சால்வியா விதைகள் நனைந்ததும் வழவழப்பான உறை போர்த்திக்கொள்ளும். சியா விதையும் ஒரு சால்வியாதான். ஸ்ப்ளெண்டென்ஸ் விதை முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால் மண் போட்டு மூடாமல் மேலே தூவி அழுத்தினால் போதும். ஆனால் கலப்பினச் செடியின் விதை தாயைப் போல வருவதில்லை. அமெரிக்காவின் ஹண்டிங்டன் தாவரத் தோட்டத்தில் தானாகக் கிடைத்த 'இண்டிகோ ஸ்பையர்ஸ்' மாதிரி ஒரு கலப்பினம் வேண்டுமென்றால் குச்சிதான் வழி. சால்வியா நெமொரோசா போலக் கொத்தாக வளர்பவற்றைத் தூரோடு தோண்டி, வேரும் மொட்டும் இருக்கும்படி பிரித்து நட்டுவிடலாம்.

குச்சியை மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரிகிறது, நுனியில் புது இலை விரிகிறது என்றால் பையைச் சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அப்புறம் தொட்டிக்கு மாற்றுங்கள். செடி சற்று ஓங்கியதும் நுனியைக் கிள்ளுங்கள். நுனியிலிருந்து வரும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். அது நின்றதும் இரண்டு பக்கமும் கிளை வெடித்துச் செடி புதராகும். கிள்ளிய துண்டு மூன்று அங்குலமாவது இருந்தால் அதையும் மணலில் செருகி வைக்கலாம்.