கீற்று எந்தப் பக்கமிருந்து போக வேண்டும்?

கனூ, கயாக் போன்ற சிறு படகுகளை மரக்கீற்றுகளை ஒட்டியே கட்டலாம். ஒவ்வொரு கீற்றும் பெரும்பாலும் 6 மி.மீ. தடிமன், 19 மி.மீ. அகலம், ஐந்தாறு மீட்டர் நீளம். ஒரு விளிம்பைக் குவிவாகவும் மறு விளிம்பைக் குழிவாகவும் இழைத்துவிட்டால், படகின் வயிறு வளையும் இடத்திலும் கீற்றுகள் இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று பொருந்தும். மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்திய ரவுட்டர்தான் (மரத்தைக் குடைந்து இழைக்கும் மின்கருவி) இதற்கு ஏற்றது. அதில் சுழன்று வெட்டும் அலகான பிட் மட்டும் மேசைத் துளை வழியே மேலே நிற்கும். கீற்று சாய்ந்து செல்லும் நேரான தடுப்பு ஃபென்ஸ்.

22 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றினால், வெட்டும் விளிம்பு மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. தூக்கினாலே தொய்ந்துபோகும் கீற்று அதை எந்தத் திசையில் சந்திக்கிறது என்பதில்தான் ஆபத்தும் பாதுகாப்பும் இருக்கின்றன.

மேலிருந்து பார்த்தால் இந்த பிட் இடஞ்சுழியாகச் சுற்றும். உங்கள் பக்கம் இருக்கும் வெட்டு விளிம்பு இடமிருந்து வலமாகப் போகும். கீற்றை வலமிருந்து இடமாகத் தள்ளினால் பிட் அதை இரண்டு விதமாகத் தள்ளும்: உங்கள் தள்ளலுக்கு எதிராக, கூடவே ஃபென்ஸை நோக்கி. இரண்டும் நமக்குச் சாதகம். எதிர்ப்பு இருப்பதால் வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், கீற்றும் தானாகவே ஃபென்ஸோடு ஒட்டி ஓடும். இடமிருந்து தள்ளினால் எல்லாம் தலைகீழ். பிட் கீற்றைக் கவ்வி இழுக்கும், ஃபென்ஸை விட்டு விலக்கும். பிடித்திருக்கும் கையும் சேர்ந்து இழுபடலாம்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு: பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே கீற்றை நுழைப்பது. அங்கே வெட்டு விளிம்பு வலமிருந்து இடமாக ஓடுவதால், வழக்கமான திசையில் தள்ளினாலும் கீற்று அம்பாகப் பாயும். ஒருபோதும் செய்யக் கூடாது.

சரி, ஆறு மி.மீ. கீற்றைக் கையால் அழுத்திப் பிடிக்க முடியுமா? முடியாது, அந்த வேலை ஃபெதர்போர்டுகளுடையது. சாய்வாக வெட்டிய மர விரல்கள் கொண்ட பலகை அது. கீற்று முன்னே போகும்போது விரல்கள் வளைந்து வழிவிடும். பின்னே வர முயன்றால் இறுகிப் பிடிக்கும். ஒன்று ஃபென்ஸை நோக்கியும் இன்னொன்று மேலிருந்து மேசையை நோக்கியும் அழுத்தினால், கீற்றுக்கு முன்னே போவதைத் தவிர வேறு வழி இருக்காது. நம் கை பிட்டின் அருகே போகவே வேண்டாம்: ஒரு கீற்று முடியும் தறுவாயில் அடுத்த கீற்றின் முனையால் அதைத் தள்ளலாம். மறுபக்கம் ஒருவர் நின்று வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. நடுவில் நிறுத்தினால் மரம் கருகும். பின்னோக்கி எறியப்பட்டால் கீற்று நேராக வரும், அதனால் தள்ளுபவர் சற்று ஒதுங்கியே நிற்க வேண்டும். கையுறை வேண்டாம், பிட் அதைச் சுற்றி இழுத்துவிடும்.

இரு பக்கமும் மேசையின் உயரத்துக்கே தாங்கிகள் வேண்டும். கீற்றின் வால் தொங்கினால் பிட் அருகே கீற்று எழும்பி, வளைவு நடுவிலிருந்து விலகிவிடும்.

முதலில் குவிவு, அப்புறம் குழிவு. குழிவின் இரு ஓரங்களும் மிக மெல்லியவை. அதை முதலில் வெட்டினால், குவிவு இழைக்கும்போது ஃபெதர்போர்டின் அழுத்தத்திலேயே நசுங்கிவிடும்.

தூசியையும் மறக்க வேண்டாம். படகுக்கு அதிகம் விரும்பப்படும் மேற்கத்திய சிவப்பு சீடர் மரத்தின் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும். முகக்கவசமும், பிட்டின் வாயிலேயே தூளை உறிஞ்சும் குழாயும் முதல் கீற்றிலிருந்தே இருக்கட்டும்.