எலும்பு ஹார்மோன் சுரக்குதா? கார்சென்டி கிளப்பிவிட்ட சண்டை

ஜெரார்ட் கார்சென்டி, பிரான்ஸ்ல டாக்டருக்குப் படிச்சிட்டு அமெரிக்கா போய் செட்டில் ஆனவரு, முதல்ல ஹூஸ்டன், அப்புறம் நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டி. மனுஷன் முப்பது வருஷமா பண்றது பெரும்பாலும் ஒரே வேலைதான்: எலியோட ஒரு ஜீனைத் தூக்கிட்டு என்ன கோளாறு வருதுன்னு பாக்குறது.

1997ல எலும்பு கட்டுற செல்லுங்களை உருவாக்குற முக்கியமான ஜீன் ரன்எக்ஸ்2 தான்னு 'செல்'ங்கிற அறிவியல் பத்திரிகையில வரிசையா ஆராய்ச்சி பேப்பர் வந்துச்சு, கார்சென்டி டீமோடதும் அதுல ஒண்ணு, ஜப்பான்ல கொமோரிங்கிற விஞ்ஞானியோடது இன்னொண்ணு. கொமோரி அந்த ஜீனையே எடுத்துட்டாரு, எலிக்குட்டிக்கு உடம்பு பூரா குருத்தெலும்புதான், பொறந்ததும் மூச்சு விட முடியாம செத்துப்போச்சு. மனுஷங்கள்ல இந்த ஜீனோட ரெண்டு காப்பியில ஒண்ணு கெட்டாலே காரை எலும்பு (தோளை நெஞ்சோட சேர்க்குற எலும்பு) சரியா வளராது, சில பேரால ரெண்டு தோளையும் நெஞ்சுக்கு முன்னாடி ஒட்ட வைக்க முடியும்!

இதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் ஆஸ்டியோகால்சின்னு ஒரு புரோட்டீனோட ஜீனை கார்சென்டி டீம் எடுத்துச்சு. எலும்பு குறையல, கூடிருச்சு. ஆனா அந்த எலிங்க கொழுப்பு வச்சிருந்துச்சு, சுகரும் ஏறியிருந்துச்சு, 2007ல அதை வச்சு அவர் சொன்னது பெரிய குண்டு: எலும்பும் ஹார்மோன் சுரக்குற உறுப்புதான்.

எப்படின்னா, எலும்பு கட்டுற செல் ஆஸ்டியோகால்சினை உண்டாக்குது, வைட்டமின் கே உதவியில அதுல கார்பாக்சில்ங்கிற சின்ன வேதித் துண்டு ஒட்டிக்கிது, அதனால கால்சியத்தைப் பிடிச்சிட்டு எலும்புலயே தங்கிடுது. பழைய எலும்பை அரிக்கிற செல்லுங்க ஆசிட் விடும்போது அந்த கார்பாக்சில் கழண்டு, பிடிப்பு விட்டு ரத்தத்துல கலக்குது. அங்கேர்ந்து கணையத்துக்குப் போய் இன்சுலினைக் கூட்டுது, ஆண் எலியில டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோனைக் கூட்டுது, மூளைக்கும் போகுதுங்கிறது அவரோட கணக்கு. வயசாக ஆக ரத்தத்துல இது குறையுது, கிழட்டு எலிக்கு திரும்ப ஏத்தினா ஓட்டமும் ஞாபகமும் தேறுதுன்னு 2016, 2017ல பேப்பர் போட்டாரு.

கேக்க ரொம்ப அழகா இருக்குல்ல, அதான் எனக்கு டவுட்டு.

2020ல ரெண்டு டீம் தனித்தனியா புது எலிங்களை உருவாக்கி, ஆஸ்டியோகால்சின் ஜீனை நீக்கிப் பாத்தாங்க. சுகர் நார்மல், ஆண் எலிக்கு இனப்பெருக்கத்துலயும் குறையில்ல. ஒரு டீம் அமெரிக்கா. இன்னொண்ணு யாருன்னா அதே கொமோரி! அவரோட எலிங்கள்ல தசையும் குறையல, எலும்பு அளவும் கூடல, எலும்புக்குள்ள இருக்குற தாதுப் படிகங்கதான் கொலாஜன்ங்கிற புரோட்டீன் நாரோட திசையில வரிசையா அடுக்காம கோணலா கிடந்துச்சு, அதனால நீளவாக்குல எலும்போட பலம் குறைஞ்சிருச்சு. எலி இனம் வேற, ஜீனை வெட்டின விதம் வேறன்னு கார்சென்டி பக்கம் சமாதானம் சொல்லலாம்தான், ஆனா ஒரு ஹார்மோன் எலியோட ஜாதியைப் பாத்து வேலை செய்யும்னா அதை மனுஷனுக்கு ஊசியா போடுற பேச்சை இப்போதைக்கு ஓரமா வைக்கிறதுதான் நல்லது.