சலூனில் இறங்கிய பிரஷர்

அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு உயர் ரத்த அழுத்தம் இளம் வயதிலேயே வருகிறது. பக்கவாதத்திலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் கொண்டுபோய் விடுவதும் அவர்களிடையே அதிகம். ‘அவங்க உடம்புவாகு அப்படி’ என்று சொல்லிக் கைகழுவுவது மருத்துவர்களுக்கு வசதியான சாக்கு.

லாஸ் ஏஞ்சலிஸ் சலூன்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு அந்தச் சாக்கைப் பொய்யாக்கியது. 52 சலூன்கள், 319 கறுப்பின ஆண்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தாளுநர் சலூனுக்கே வந்து பிரஷர் பார்த்தார், அவரவர் மருத்துவரின் சம்மதத்தோடு மாத்திரை எழுதினார், ரத்தப் பரிசோதனையையும் அங்கேயே முடித்தார். மறுபிரிவுக்கு முடிதிருத்துநரின் அறிவுரை மட்டும். 6 மாதத்தில் மேல் அளவு (130/80 என்பதில் முதல் எண்) முதல் பிரிவில் சராசரியாக 27 இறங்கியது, மற்றதில் 9. 130/80க்குக் கீழே வந்தவர்கள் 63.6%, மற்றதில் 11.7%.

மாத்திரைகள் எல்லாம் பழையவைதான்: ரத்தக் குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின், கூடவே ரத்தக் குழாயைச் சுருக்கும் ஹார்மோனை அடக்கும் ஏஆர்பி அல்லது ஏஸ் வகை, போதாவிட்டால் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் இண்டபமைடு. அளவு இறங்காதபோது தயங்காமல் அடுத்ததைச் சேர்த்தார்கள். கிளினிக்கில் நழுவுவது இங்கேதான். மேல் அளவு 150 இருந்தாலும் ‘அடுத்த தடவை பார்ப்போம்’ என்று மருத்துவர் விட்டுவிடுவார்.

தனியாக ஏஸ் மாத்திரை மட்டும் கொடுப்பது இன்னொரு தவறு. 2002இல் வந்த ஆல்ஹாட் ஆய்வில், சிறுநீரைக் கூட்டும் குளோர்தாலிடோன் எடுத்த கறுப்பினத்தவரைவிட ஏஸ் வகையான லிசினோபிரில் எடுத்த கறுப்பினத்தவருக்குப் பக்கவாதம் 40% அதிகம். அதற்காக ஏஸ் வகையே கூடாது என்றில்லை. சிறுநீரில் புரதம் போகிறவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் அது (அல்லது ஏஆர்பி) வேண்டும், மற்ற மருந்துகளோடு சேர்த்து. ஏஸ் மாத்திரையால் உதடோ நாக்கோ வீங்கினால் உடனே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுபடி ஏஸ் வகையைத் தொடவே கூடாது. கறுப்பினத்தவரிடம் இந்த வீக்கம் கூடுதல் என்பதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

இத்தனைக்கும் முன்னால், அளவு சரிதானா? மிகப் பருத்த கைக்குப் பிரஷர் கருவியின் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றினால் மேல் அளவு 20 வரை கூடுதலாகக் காட்டும். 5 நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும்.

மூன்று மாத்திரைக்கும் மசியவில்லையா? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, இடையில் வலி மாத்திரையான இபுப்ரோஃபென் போடுகிறாரா, இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேளுங்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஆல்டோஸ்டிரோன், ரெனின் ஆகியவற்றின் ரத்தப் பரிசோதனையும் எழுதுங்கள். பலருக்கு இது எழுதப்படுவதே இல்லை. ஆல்டோஸ்டிரோன் கூடுதல் என்றால் அதைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை நன்றாகக் கேட்கும்.