பந்தயத்தை ரசியுங்கள், ஹேண்டில்பார் உயரத்தைக் காப்பியடிக்காதீர்கள்

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறு காலையில் 40 கிலோமீட்டர் மிதிக்கிறவர்கள் பலருக்குத் தொழில்முறைப் பந்தயம் பிடிப்பதில்லை. ஐந்து மணி நேரம் கூட்டமாகப் போகிறார்கள், கடைசியில் யாரோ ஜெயிக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்பார்கள். 2012-ல் அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் (பிரான்ஸில் நடக்கும் மூன்று வாரப் பந்தயம்) பட்டங்களும் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்டதோடு மனம் விட்டுப்போனவர்களும் உண்டு. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்பது சரியல்ல. நடப்பது எல்லாம் காற்றில் நடக்கிறது, அதனால்தான் கண்ணில் படுவதில்லை. எதிர்க்காற்றில் ஒரு நாள் மூச்சுவாங்க மிதித்தவருக்குப் பந்தயம் பாதி புரிந்துவிட்டது.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதைத் தாண்ட எட்டு மடங்கு சக்தி வேண்டும். முன்னால் ஒருவர் போனாலே பின்னால் வருபவருக்குச் சுமை நன்றாகக் குறையும். 2018-ல் பெர்ட் பிளாக்கென் தலைமையிலான ஆய்வுக் குழு 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுவே பாதுகாப்பாகப் போகிறவர், தனியாகப் போனால் எதிர்கொள்ளும் தடையில் 5 முதல் 10 சதவீதத்தைத்தான் சந்திக்கிறார். எட்டுப் பேர் அணியில் ஏழு பேர் ஒருவருக்காக ஏன் உழைக்கிறார்கள் என்பதற்கு இதுவே பதில். அந்த ஒருவரைக் கடைசி ஏற்றம் வரை காற்றுப் படாமல் கொண்டுபோய் விடுவதுதான் அவர்கள் வேலை.

பக்கக் காற்று அடிக்கும் நாள்தான் பார்க்கவே மிக அருமையான நாள். வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வு வரிசையாக விரிவார்கள். சாலையின் அகலத்துக்கு ஏற்ப அந்த வரிசையில் சிலருக்கே இடம். மீதிப் பேர் ஓரத்தில் ஒற்றை வரிசையில் மாட்டிக்கொள்வார்கள். ஒளிய இடமில்லாமல் ஒருவர் சோர்ந்து, முன்னால் போகிறவரை விட்டு விலகிவிட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர் எல்லாருக்கும் அன்றைய நாள் போயிற்று. திறந்த வெளியில் சாலை திரும்பும்போது ஓரத்துக் கொடிகளும் மரங்களும் எந்தப் பக்கம் அசைகின்றன என்று பாருங்கள். பிளவு விழும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஐந்து மணி நேரமும் உட்கார வேண்டியதில்லை. சமதரை நாளென்றால் கடைசி 40 கிலோமீட்டர் போதும். பிரெஞ்சு வர்ணனையாளர் ராபர்ட் ஷபாத் பெயரில் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு நிமிட இடைவெளியை அடைக்கக் கூட்டத்துக்கு 10 கிலோமீட்டர் வேண்டும். கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் ஓடியவர்களுக்கு 20 கிலோமீட்டர் மிச்சம், கையில் இரண்டு நிமிடம் என்றால் பார்க்கிறவர் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொள்ளும். பல நாள் பந்தயமும் சில நொடி வித்தியாசத்தில் முடியலாம். 1989-ல் கிரெக் லெமாண்ட் 50 நொடி பின்தங்கிய நிலையில் கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் நேரப் பந்தயத்தில் (ஒவ்வொருவரும் தனியாக ஓட்டி நேரம் கணக்கிடும் போட்டி) இறங்கி, 8 நொடி வித்தியாசத்தில் டூரை வென்றார். அன்று அவர் முன்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டும் கைப்பிடி பொருத்தியிருந்தார். 2024 மகளிர் டூரை கசியா நீவியாடோமா வென்றது 4 நொடி வித்தியாசத்தில்.

ரசனை இப்படி வளரும்போதே ஒரு தவறும் கூடவே வருகிறது. வீரரின் ஹேண்டில்பார் சீட்டைவிட வெகுதாழ்வாக இருப்பதைப் பார்த்துப் பலர் தங்கள் ஸ்டெம்மையும் (ஹேண்டில்பாரை ஃபோர்க் குழாயோடு இணைக்கும் துண்டு) அடிவரை இறக்கிவிடுகிறார்கள். வீரர் மணிக்கணக்கில் 200, 300 வாட் சக்தியில் பெடலை அழுத்துகிறார். அந்த அழுத்தமே அவர் மேலுடம்பைத் தாங்குகிறது, கையில் பாரம் அதிகம் விழுவதில்லை. 120 வாட்டில் மிதிக்கும் நமக்கு அந்தத் தாங்கல் குறைவு. மேலுடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். அரை மணியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், கழுத்து பிடிக்கும். அந்த மரப்பு உள்ளங்கையோரத்து நரம்பு நசுங்குவதன் அறிகுறி. பொறுத்துக்கொண்டு ஓட்டவே கூடாது.

திருத்துவது எளிது, ஆனால் வரிசை முக்கியம். ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடி போல்ட்டைக் கழற்றுங்கள். ஸ்டெம்மைத் தூக்கி, மேலே இருக்கும் ஸ்பேசர்களில் (உயரத்தைக் கூட்டும் வளையங்கள்) 10 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கீழே மாற்றிப் போடுங்கள். முதலில் மேல்மூடியை முறுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பிறகு ஹேண்டில்பாரைச் சக்கரத்துக்கு நேராக்கி, ஸ்டெம்மில் அச்சிட்ட அளவுக்குப் பக்க போல்ட்டுகளை முறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். பக்க போல்ட்டுகளை முதலில் முறுக்கினால் மேல்மூடி எதையும் அழுத்தாது, ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தளர்ந்தே இருக்கும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டக்' என்று தட்டும். ஃபோர்க் குழாயை ஏற்கெனவே வெட்டியிருந்தால் மேலே ஸ்பேசர் இருக்காது. மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம்தான் வழி. இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த மாற்றம்.

டயர் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. இங்கே வீரர்களைத் தாராளமாகப் பின்பற்றலாம். ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரில் 8 பார் (ஏறக்குறைய 116 பிஎஸ்ஐ) காற்று அடித்தவர்கள் இப்போது 28, 30-க்கு வந்து, காற்றையும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். கரடான சாலையில் கல்லாக இறுகிய டயர் துள்ளித் துள்ளியே சக்தியை வீணாக்கும். 70 கிலோ உள்ளவர் ட்யூப் போட்ட 32 மில்லிமீட்டர் டயரில் 55 முதல் 60 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம், முன்சக்கரத்தில் சற்றுக் குறைவாக. அதற்கும் மிகக் குறைத்தால் பள்ளத்தில் விளிம்பு ட்யூபை நசுக்கி, பாம்பு கடித்ததுபோல இரட்டைத் துளை போடும்.

இறக்கத்தில் சீட்டை விட்டு, அதற்கு முன்னால் உள்ள மேல் குழாயில் உட்கார்ந்து சுருண்டு போவதை உலக சைக்கிள் சம்மேளனம் 2021 ஏப்ரல் முதல் வீரர்களுக்கே தடை செய்துவிட்டது. சாலை அடைக்கப்பட்ட பந்தயத்திலேயே கூடாது என்றால் திறந்த சாலையில் பேச்சே இல்லை. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான்.

இறக்கத்தில் நல்ல வீரர் ஒருவரின் உடம்பை மட்டும் கவனியுங்கள். பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். முழங்கை மடங்கியிருக்கும். வளைவின் வெளிப்பக்கப் பெடல் கீழே, பாரம் முழுக்க அந்தக் காலில். முகம் முன்சக்கரத்தைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தை நோக்கித் திரும்பியிருக்கும்.