லாக் ஃபைலை (lock file) திறந்து பார்த்து எத்தனை நாளாயிற்று?

காலையில் வேலையைத் தொடங்கும் முன் தொழில்நுட்பச் செய்திகளை ஒரு சுற்று பார்த்துவிடுவேன். புது மொழி, புது சிப், புது ஏஐ மாடல் எல்லாம் மதியத்துக்கு மேல் படித்துக்கொள்ளலாம். சிவிஇ எண்ணோடு, அதாவது பாதுகாப்பு ஓட்டைக்குத் தரப்படும் அடையாள எண்ணோடு, வரும் செய்தியை மட்டும் தள்ளிப்போடுவதில்லை. 2021 டிசம்பர் கற்றுத் தந்த பழக்கம் அது.

லாக்ஃபோர்ஜே ஓட்டை வெளியான மாதம். ஜாவா நிரல்கள் லாக் (log) எழுத, அதாவது நடப்பதைப் பதிவுசெய்ய, பயன்படுத்தும் லைப்ரரி அது; பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு. லாகின் பெட்டியில் பெயருக்குப் பதில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வரி ஒன்றைத் தட்டினால், அது லாகில் பதிவாகும் நேரத்தில் சர்வரே வெளியே போய் யாரோ வைத்திருக்கும் நிரலை எடுத்து வந்து ஓட்டிவிடும். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து.

"நாம அதைப் போடவே இல்லையே" என்றார் எங்கள் குழுவில் ஒருவர். நாங்கள் சேர்த்த லைப்ரரிகளைப் பட்டியலிடும் பாம் (POM) ஃபைலில் தேடினோம், பெயரே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஜாவா நிரல்களைக் கட்டும் மேவன் கருவியில் டிபெண்டென்சி ட்ரீயை, அதாவது எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்ற பட்டியலை, எடுத்துப் பார்த்தால், மூன்றாவது மட்டத்தில் இருக்கிறது! ரிப்போர்ட் தயாரிக்க நாங்கள் சேர்த்த லைப்ரரி இன்னொன்றை இழுத்து வந்திருந்தது, அது இதை இழுத்து வந்திருந்தது. லாக்ஃபோர்ஜேயை 2.15.0 பதிப்புக்கு மாற்றினோம். அதிலும் குறை. 2.16.0, 2.17.0, 2.17.1 என்று மாத இறுதிவரை அதே வேலை.

சரி, எப்போதும் புதிய பதிப்பில் இருந்தால் தப்பித்துவிடலாமா? 2024 மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரி பற்றிய செய்தி வந்தபோது அந்த நம்பிக்கையும் போயிற்று. அதில் விஷம் இருந்ததே புதிய பதிப்புகளில்தான்: 5.6.0, 5.6.1. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட்டுக்குள் பின்கதவு, அதாவது ரகசியமாக நுழையும் வழி, இருந்தது. அதைச் செயல்பட வைக்கும் வரிகள் நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் (Git) இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன. மீதியைச் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்திருந்தார்கள். கிட்டில் மட்டும் நிரலைப் படித்துப் பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது.

பின்கதவை வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் வந்தவர். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காகப் பேட்ச் (திருத்தங்கள்) அனுப்பி நம்பிக்கை சம்பாதித்திருந்தார். அதற்கு முன் அந்தத் திட்டத்தைச் சம்பளமில்லாமல் ஒருவரே கவனித்துவந்தார். ஏன் தாமதம், வேறு ஆளைச் சேருங்கள் என்று அடையாளம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். இந்தச் செய்தியில் எனக்கு இன்றும் மனசு ஆறாத இடம் இதுதான். சோர்ந்துபோன ஒரு மனிதர் உதவி என்று நம்பியது அப்படி முடிந்தது.

ஆகவே பழையதா புதியதா என்பதற்கு முன், நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக் ஃபைலை (lock file) கிட்டில் சேர்த்துவையுங்கள். டிபெண்டென்சி ட்ரீயை நிரலைக் கட்டும் ஒவ்வொரு பில்டிலும் எடுத்துச் சேமியுங்கள். அப்புறம் எந்தச் செய்தி வந்தாலும் ஒரு தேடலில் பதில் கிடைக்கும். புதிதாக ஒரு லைப்ரரியைச் சேர்க்கும்போது அதன் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

போன வாரம் எங்கள் பட்டியலை அப்படிப் பார்த்தோம். அன்றாடம் நம்பியிருக்கும் இரண்டு லைப்ரரிகளை ஒவ்வொருவர் தனியாகச் சுமக்கிறார்கள். ஒருவருக்கு நீண்ட நாளாகத் திறந்து கிடந்த பிழைக்குத் திருத்தம் அனுப்பினோம். இன்னொருவருக்கு மாதாமாதம் பணம் அனுப்ப நிர்வாகத்திடம் ஒப்புதல் கேட்டிருக்கிறேன்.