விரிஞ்சிபுரத்துக் கல்லும் செல்போன் மணியும்

வேலூரிலிருந்து பெங்களூர் சாலையில் சுமார் 14 கிலோமீட்டர் போனால் விரிஞ்சிபுரம். கோயில்களின் அழகைப் பட்டியல் போடும் பழைய சொலவடையில் இந்த ஊருக்கு 'மதிலழகு' என்று பெயர். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் மதிலை அண்ணாந்து பார்ப்பார்கள், சிம்மக்குளத்தை எட்டிப் பார்ப்பார்கள், சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிராகாரத்தில் இருக்கும் மணிகாட்டும் கல்லை யாராவது கைகாட்டினால்தான் உண்டு.

கல்லில் ஓர் அரைவட்டம். அதன் விளிம்பில் தமிழ் எண்கள், காலை 6 முதல் 12 வரை, பிறகு 1 முதல் 6 வரை. மேலே ஒரு சின்னப் பள்ளம். அதில் ஒரு குச்சியை நிறுத்தினால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. முள் இல்லை, சாவி இல்லை, பேட்டரி இல்லை.

ஆனால் பிப்ரவரி மாதத்தில் வந்து குச்சி வைத்துப் பார்ப்பவர் கட்டாயம் செல்போனையும் எடுத்துப் பார்ப்பார். போனில் பன்னிரண்டரை ஆகப்போகும், கல் அப்போதுதான் 12 காட்டும். "என்னங்க, அரை மணி லேட்டா ஓடுது?" என்று கேட்டால், "கல்லு லேட்டா ஓடாதுங்க, சூரியனை வெச்சுத்தான் அது" என்று பதில் வரும். அந்தப் பதில் சரியானது. அதற்குள் ஒரு வானியல் பாடமே இருக்கிறது.

போன் காட்டுவது இந்திய நேரம். கிழக்கு தீர்க்கரேகை 82.5 பாகையில் சராசரியாகச் சூரியன் உச்சிக்கு வரும் கணத்தை நாடு முழுக்க 12 மணி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். விரிஞ்சிபுரம் இருப்பது 79 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆக, மூன்றரைப் பாகை மேற்கே இருக்கும் இந்த ஊரில் சூரியன் 14 நிமிடம் கழித்துத்தான் தலைக்கு மேல் வரும். இது வருஷம் முழுக்க மாறாத வித்தியாசம்.

மாறுகிற வித்தியாசம் வேறொன்று. பூமி சூரியனைச் சுற்றுவது நீள்வட்டத்தில். ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் இருக்கும்போது வேகமாகவும், ஜூலையில் மெதுவாகவும் ஓடுகிறது. போதாக்குறைக்கு அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்வதால் ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை. தினம் சில நொடிகள் கூடும், குறையும். அவை சேர்ந்து சேர்ந்து பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிடம் பின்தங்கியும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தியும் நிற்கிறது. அதனால் பிப்ரவரியில் இங்கே உச்சி 12:28க்கு. நவம்பர் 3ஐ ஒட்டி வந்து பாருங்கள், 11:58க்கே உச்சி. கல்லும் போனும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற நாட்கள் அவை.

இந்தத் தகராறு ரயிலோடு வந்தது என்பது என் கணிப்பு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது நம் வடஆற்காட்டு வாலாஜா ரோட்டுக்குத்தான். ரயில் ஓட வேண்டுமானால் எல்லா ஸ்டேஷனிலும் ஒரே மணி இருந்தாக வேண்டும், ஊருக்கு ஒரு உச்சிவேளை சரிப்படாது. அன்றைய சென்னை நேரத்துக்கும் இந்தக் கல்லுக்கும் ஊர் தூரத்தால் வரும் வித்தியாசம் வெறும் 5 நிமிடம். 1906இல் இந்திய நேரம் வந்ததும் அது 14 ஆனது.

கோயிலுக்கு எதற்கு மணி? ஆறுகால பூஜைக்கு. உச்சிக்காலத்துக்குச் சூரியனே சாட்சி. ஆனால் உஷத்காலம் விடியுமுன், அர்த்தஜாமம் ராத்திரியில். அங்கே கல்லால் ஆகாது. அதற்கு நாழிகை வட்டில் இருந்தது: அடியில் துளையிட்ட கிண்ணம், தண்ணீரில் மிதக்கவிட்டால் 24 நிமிடத்தில், அதாவது ஒரு நாழிகையில், நிரம்பி மூழ்கும். வழிபாடு 'எப்போது' என்று கேட்டது. தொழில்நுட்பம் பகலுக்கு நிழலையும் இரவுக்குத் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தது.

இப்படிப்பட்ட ஒரு கடிகாரத்தை வீட்டுச் சுவரிலேயே வரையலாம். தெற்குப் பார்த்த சுவர் வேண்டும். குச்சியைச் சுவருக்கு நேர் செங்குத்தாக அடிக்காமல், நுனி 13 பாகை கீழே சாயும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் அது பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். 13 என்பது நம் ஊரின் அட்சரேகை. அரைவட்டத்தை 15 பாகை வீதம் பன்னிரண்டாகப் பிரித்தால் போதும், பிழை மூன்று நிமிடத்தைத் தாண்டாது. இதே சமபங்கு அரைவட்டத்தை லண்டன் சுவரில் வரைந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தவறும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பிறந்த புண்ணியம்! ஒரு குறை உண்டு. ஏப்ரல் 24 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 18 வரை சூரியன் நமக்கு வடக்கே சஞ்சரிப்பதால் தெற்குச் சுவரில் வெயிலே படாது.

நிழல் சில நம்பிக்கைகளையும் சோதித்துப் பார்க்கிறது. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது என்கிறது தினசரிக் காலண்டர். கணக்குப்படி அது பகல்பொழுதின் எட்டில் ஒரு பங்கு. சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைந்தால்தான் ஏழரை சரி. ஜனவரிக் கடைசியில் வேலூரில் சூரியன் உதிக்கவே 6:40 ஆகிவிடும். அன்று ராகுகாலம் தொடங்குவது எட்டு மணிக்கு மேல். காலண்டரை நம்பி ஏழரையிலிருந்து ஒன்பது வரை காத்திருந்தவர் நல்ல நேரத்தை வீணாக்கி, ராகுகாலத்திலேயே புறப்பட்டிருப்பார்.

சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணம் தை முதல் நாளில் தொடங்குகிறது என்பதும் அப்படித்தான். ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு உச்சி நிழலை அளந்தால், டிசம்பர் 22ஐ ஒட்டி அது 74 சென்டிமீட்டர், வருஷத்திலேயே மிக நீளம். தை முதல் நாளில் 68தான். பொங்கலுக்கு முன்பே சூரியன் வடக்கே திரும்பிவிட்டது. பூமியின் அச்சு பம்பரம்போல் தலையாட்டுவதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்ந்து, இன்று சுமார் 24 பாகை விலகல். பஞ்சாங்கக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. அயனாம்சம் என்று கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,700 ஆண்டுக்கு முன் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன.

சரி, காலம் என்பதுதான் என்ன? சைவ சித்தாந்தம் 36 தத்துவங்களில் ஒன்றாகக் காலத்தை வைக்கிறது. அது மாயையிலிருந்து தோன்றியது, அறிவில்லாத சடப்பொருள், உயிர் தன் வினைப்பயனை ஒன்றன்பின் ஒன்றாக நுகர வரம்பு கட்டுவது. கடவுள் அதற்கு அப்பால். 'தோன்றிய பொருள்' என்று படித்ததும் ஐன்ஸ்டைனை இங்கே இழுத்துவரச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்று ஐன்ஸ்டைன் சொன்னது அளந்து சரிபார்க்கக்கூடிய கூற்று: ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளுக்கு 38 மைக்ரோநொடி முந்தும், திருத்தாவிட்டால் ஒரே நாளில் வரைபடம் 10 கிலோமீட்டருக்கு மேல் தப்பும். சித்தாந்தம் பேசுவது உயிரின் அனுபவத்தைப் பற்றி. அதை எந்தக் கடிகாரத்தாலும் பொய்யாக்க முடியாது, மெய்ப்பிக்கவும் முடியாது. இரண்டையும் கலந்தால் இரண்டுக்குமே மரியாதை இல்லை. விரிஞ்சிபுரத்துச் சிற்பி அந்தக் குழப்பத்துக்குள் போகவில்லை. கருவறையில் காலகாலனை விட்டுவிட்டு, வெளியே வெயில் படுகிற இடத்தில் மணி பார்த்தார்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஏப்ரல் 24ஐ ஒட்டி, மொட்டை மாடியில் ஒரு சொம்பை வையுங்கள். 12:12க்கு அதன் நிழல் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். மேகம் மறைத்தால் அடுத்த வாய்ப்பு ஆகஸ்ட் 18 வாக்கில், 12:18க்கு.