மல்லிகைக்கு வெள்ளை எங்கிருந்து வருகிறது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் மல்லியில் ஒரு பூவை எடுத்து, ஒரே ஓர் இதழைக் கிள்ளி, விரலில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த இடத்தில் வெள்ளை போய்விடும். அடியில் உள்ள விரல் ரேகை மங்கலாகத் தெரியும். விரலில் வெள்ளையாக எதுவும் ஒட்டியிருக்காது.

மல்லி இதழில் வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. செம்பருத்தியின் சிவப்புக்கு நிறமி காரணம். மல்லியின் வெள்ளைக்குக் காற்றுதான் காரணம். இதழுக்குள் செல்களின் இடைவெளிகளில் நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். செல்லில் நிறைந்திருக்கும் நீருக்கு அது சுமார் 1.33, காற்றுக்கு 1. செல்லிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து அடுத்த செல்லுக்கும் தாண்டும்போதெல்லாம் ஒளியில் ஒரு பகுதி திரும்புகிறது, மீதி வளைந்து போகிறது. நசுக்கினால் செல்சாறு கசிந்து காற்றறைகளை நிரப்பிவிடும். எல்லைகள் அழிந்ததும் ஒளி நேராக ஊடுருவுகிறது. ஜப்பானில் டைஃபிலியா கிரேயி என்றொரு செடி உண்டு. அதன் வெள்ளைப் பூ மழையில் நனைந்தாலே தெளிந்து ஊடே பார்க்க முடியும்; காய்ந்ததும் மறுபடி வெள்ளை.

வானத்தின் நீலம் வேறு வகை. காற்று மூலக்கூறுகள் மிகச் சிறியவை என்பதால் சிவப்பைவிட நீலத்தைச் சுமார் நான்கு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. இதழின் காற்றறைகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும்; எல்லாம் கலந்து வெள்ளையாகத் தெரியும். அதுவும் ஒருமுறை அல்ல, பலமுறை.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவரை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளும் திசையில் ஓர் அடி, அப்புறம் வேறு திசையில் ஓர் அடி. நூறு முறை தள்ளுப்பட்டாலும் கிளம்பிய இடத்திலிருந்து ஏறக்குறைய பத்தடி தூரத்தில்தான் நிற்பார். ஒளியின் கணக்கும் இதுதான். அதனால் ஒற்றை இதழை வெயிலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும். நெருக்கிக் கட்டிய சரத்தில் பெரும்பகுதி வந்த பக்கமே வெளியேறிவிடும்.

இத்தனை முறை சிதறிய ஒளிக்கு வந்த வழி மறந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மறப்பதில்லை, ஒளிச் சிதறலில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். ஓர் அலை ஒரு பாதையில் போனால், அதே பாதையில் தலைகீழாகப் போகும் அலையும் உண்டு. இரண்டுக்கும் தூரம் ஒன்றே. ஒளி வந்த திசைக்கு நேர் எதிராக வெளியேறும்போது இரண்டும் முகட்டோடு முகடு சேர்கின்றன. அந்தக் குறுகிய கோணத்தில் மட்டும் வெளிச்சம் சுற்றுப்புறத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1985-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே அளந்து காட்டின. நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிஸ்டிரீன் உருண்டைகள்தான் அவர்கள் எடுத்துக்கொண்டது.

சரி, உருண்டைகளுக்குப் பதில் தனித்தனி அணுக்கள் இருந்தால்? அணுவுக்குப் பிடித்தமான அலைநீளத்தில் லேசரை அடித்தால், அது தன் அகலத்தைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு பரப்பி ஒளியைப் பிடித்துச் சிதறடிக்கும். ஆனால் அணு வேகமாக ஓடினால், நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் டாப்ளர் விளைவால், இரு பாதைகளின் ஒற்றுமை கெட்டுவிடும். அதனால் லேசராலேயே அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (சுமார் −273 டிகிரி செல்சியஸ்) மிக அருகே குளிர்விக்கிறார்கள். 1999-இல் ரூபிடியம் என்ற உலோகத்தின் அணுக்களில் அந்தக் கூடுதல் வெளிச்சம் தென்பட்டது, ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ரூபிடியத்தின் அடிநிலையிலேயே, அதாவது அணுவின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலேயே, பல உள்நிலைகள் உண்டு. சிதறும்போது அணு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். அப்போது நேர்ப்பாதையும் தலைகீழ்ப் பாதையும் சமமாக இருப்பதில்லை. ஸ்ட்ரான்ஷியம் என்ற இன்னோர் உலோகத்தின் அடிநிலையில் அந்தச் சிக்கல் கிடையாது. 2002-இல் அதைக் குளிர்வித்து அளந்தபோது, கிட்டத்தட்ட முழு இரண்டு மடங்கும் கிடைத்தது.